கடல் மூடிய பின் வந்த கல்

பவி,

இதை மெஸ்ஸில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படி. கடிதம் நீளமானது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் நான் 'சாப்பிட்டியா' என்பதைத் தாண்டி உருப்படியாக எதையும் சொன்னதில்லை. பேனாவை எடுத்தால்தான் எனக்கு வாய் திறக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டிய சந்தேகங்களையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். வருஷம் முடியும்போது பாடத்தைவிடக் கடைசிப் பக்கங்கள் அதிகமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்துக் கைகூடக் கழுவாமல், நீ கேட்டாய். "அம்மா, அந்த ஆராய்ச்சிப் படிப்புக்குத் துருக்கிக்கு நான் போகட்டுமா வேணாமா? நாலு வருஷம். நீ வேணாம்னா இங்க காலேஜ்ல வேலை இருக்குது, சேர்ந்துடறேன். உன்னைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் எழுதணும்." நான் "உன் இஷ்டம்" என்றேன். சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று உனக்குத் தெரியும். சினிமாவுக்குப் போகலாமா என்று உன் அப்பா கேட்டு, நான் "உங்க இஷ்டம்" என்றால், அவர் மாட்டிய சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் போட்டுவிடுவார். நீயும் அவர் மகள்தானே. சாயங்காலம் பஸ் ஏறும்போது, "அவங்களுக்கு முடியாதுன்னு எழுதிடறேன்மா, நீ கவலைப்படாதே" என்றாய். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. பஸ் திரும்பி மறையும்வரை நின்றிருந்தேன். நீ ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாய். இந்தக் கடிதத்தை நாளைக் காலை கூரியரில் போட்டால் வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்று கூரியர் கடைப் பையனிடம் இரண்டு தடவை கேட்டு வைத்திருக்கிறேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நீ உன் கற்களைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கு எவ்வளவு புரிந்தது என்று எழுதிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் சிவப்பு மையில் திருத்து. நீ போக வேண்டிய அந்தக் கிழக்குத் துருக்கியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. கடலின் தரை பக்கத்து நிலத்துக்கு அடியில் சரிந்து இறங்கிக்கொண்டே இருந்தது, நகம் வளர்கிற வேகத்தில். கடலடிக் கல் தண்ணீரில் ஊறிய கல். அது ஆழத்துக்குப் போகப் போக, சூட்டிலும் பாரத்திலும் அந்தத் தண்ணீர் பிழியப்பட்டு மேலே இருக்கும் கல்லுக்குள் ஏறுகிறது. வெறும் தண்ணீராக ஏறுவதில்லை. பேரியம், ஸ்ட்ரான்ஷியம், ஈயம் என்று தன்னோடு வரச் சம்மதிப்பதையெல்லாம் கூட்டிக்கொண்டு ஏறுகிறது. நியோபியம் மாதிரியான பிடிவாதக்காரர்கள் கீழேயே தங்கிவிடுகிறார்கள். பிறகு ஒரு கட்டத்தில் கடலே தீர்ந்துவிடுகிறது. இரண்டு கரைகளும் வந்து முட்டிக்கொள்கின்றன. இறங்குவது நிற்கிறது. இனி அங்கே எரிமலைக்கு வேலையில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகும் எரிமலைகள் வந்திருக்கின்றன, பெரிய பெரிய மலைகளாக. இறங்கிய கல் தன் பாரம் தாங்காமல் ஒடிந்து கீழே போயிருக்கலாம், அந்த இடத்தில் அடியிலிருந்து சூடு ஏறி, என்றைக்கோ ஊறிக் கிடந்த கல்லை உருக்கியிருக்கலாம் என்றாய். "கடல் போய் எத்தனையோ லட்சம் வருஷம் ஆனப்புறமும் அந்தக் குழம்புல கடல் இருக்குதும்மா. பேரியம் ஜாஸ்தி, நியோபியம் கம்மி. அதுதான் கடலோட கையெழுத்து" என்றாய். நான் "ரசம் ஊத்திக்கோ" என்றேன்.

நீ விடவில்லை. சிக்கல் அதற்கு மேல்தான் என்றாய். உருகிய குழம்பு நேராக வெளியே வந்துவிடுவதில்லை. கண்டத்தின் தடித்த ஓட்டைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். வருகிற வழியில் அங்கங்கே தங்குகிறது, பக்கத்துக் கல்லைக் கரைத்துத் தின்கிறது. அந்தப் பழைய நிலக்கல்லிலும் பேரியம் ஜாஸ்தி, நியோபியம் கம்மி. ஆக, வெளியே வந்து உறைந்த கல்லைக் கையில் எடுத்தால், அதிலிருக்கும் அடையாளம் மூலத்திலேயே இருந்ததா, வழியில் ஒட்டியதா என்று உடனே சொல்ல முடியாது. அதைப் பிரித்துச் சொல்வதுதான் உன் நாலு வருஷ வேலை. எப்படிப் பிரிப்பாய் என்று நான் கேட்டேன். அதிகம் தங்காமல், அதிகம் மாறாமல் வந்த கல்லைத் தேட வேண்டும் என்றாய். கருத்த, மெக்னீசியம் ஜாஸ்தியாக உள்ள கல். அதிலேயே அந்த அடையாளம் இருந்தால் அது அடியிலிருந்தே வந்தது. மாறின கல்லில் மட்டும் இருந்தால் வழியில் சேர்ந்தது. நீ பேசும்போது உன் கண் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். அதனால்தான் இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை.

உனக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. உன் அப்பாவிடம்கூட நான் இதை முழுசாகச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி. நான் ஒன்பதாம் வகுப்பு. உன் தாத்தா கீழ்பென்னாத்தூர் ரூட்டில் கண்டக்டர். பஸ்ஸில் யாராவது விட்டுப்போன பத்திரிகைகள், அட்டை கிழிந்த புத்தகங்கள், நாலு நாள் வைத்திருந்து யாரும் கேட்டு வரவில்லை என்றால் எங்கள் வீட்டுக்கு வரும். என் படிப்பு முழுக்க அப்படி வந்ததுதான். நான் படித்த கதைகளில் பாதிக்கு எனக்கு முடிவு தெரியாது. அப்படி வந்த ஒரு பத்திரிகையில் எரிமலைகளைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. நெருப்பு வெளியே வந்து ஆறிக் கல்லாகிவிடும் என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு கல்லின் படம், உடம்பெல்லாம் ஓட்டை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர்க் குழந்தை எதுவானாலும் பேசத் தொடங்கியதும் கேட்கிற சங்கதி, மலை ஆதியில் நெருப்பாக இருந்தது, ஆறித்தான் கல்லானது என்பது. பத்திரிகையும் அதையே சொல்கிறது! அண்ணாமலை அணைந்துபோன எரிமலை! இதை இதுவரை யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். வேறு ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு அந்தத் தப்பு வந்திருக்காது. அந்த வருஷம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நானும் சபீராவும் பெயர் கொடுத்தோம்.

சபீரா என் பக்கத்து பெஞ்சு. அவளுடைய அத்தா உசேன் பாய் இரும்பு வேலை செய்பவர். கடைவீதிக்குப் பின்னால் உலை. கதவுக் கீல், கலப்பைக் கொழு, பெட்டிப் பூட்டு, எல்லாம் அவரிடம்தான் வரும். ஊரில் அவர்கள் பல தலைமுறையாக இருக்கிறவர்கள். நாங்கள்தான் அப்பாவின் வேலைக்காகச் செய்யாற்றுப் பக்கமிருந்து வந்தவர்கள். சபீரா படிப்பில் சுமார், கையில் கெட்டிக்காரி. நான் வாயால் ஒரு மலையைச் சொன்னால் அவள் களிமண்ணில் அதைச் செய்துவிடுவாள். மாதிரி மலை தயார். ஆனால் ஓட்டை விழுந்த கல் வேண்டுமே? மலையைச் சுற்றி இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். கிடைத்ததெல்லாம் கெட்டியான சாம்பல் நிறக் கல், ஒரு பொத்தல் கிடையாது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். கடைசியில் வேங்கிக்கால் ஏரிக்கரைக்குப் போகிற வழியில், பள்ளம் தூர்க்கக் கொட்டியிருந்த மண்ணில் அது கிடந்தது. கறுப்பாக, பளபளப்பாக, உடம்பெல்லாம் ஓட்டையாக. நான் கத்தியே விட்டேன்.

சபீரா அதை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தாள். "ஏய், இது கிட்டம்டி."

"இன்னாது?"

"கிட்டம். எங்க உலையில அடியில கட்டிக்கும். அத்தா சாயங்காலம் கம்பியால குத்தி எடுத்து வெளிய போடுவாரு. இதே மாதிரிதான் ஓட்டை ஓட்டையா இருக்கும்."

"உங்க உலையில இருந்தா கிட்டம். மலைகிட்ட இருந்தா எரிமலைக் கல்லு."

"அப்ப எங்க வீடு இன்னா, எரிமலையா?"

"போடி."

"எங்க அத்தாவுக்குக் கோவம் வந்தா எரிமலைதான். அன்னிக்குச் சோறு குழைஞ்சு போச்சுன்னு எங்கம்மாவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாரு பாரு..." என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு கல்லை என் பையில் போட்டாள். "சரி, நீ படிக்கிறவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கண்காட்சி நாள் எங்கள் மேசைக்குத்தான் கூட்டம். சபீரா மலைக்குள் ஒரு டப்பாவை வைத்துச் சாம்பிராணி போட்டிருந்தாள். உச்சியிலிருந்து புகை வந்துகொண்டே இருந்தது. வந்த அம்மாக்கள் அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி மடியிலிருந்து சூடம் எடுத்து ஏற்றவே பார்த்தாள். சபீரா, "அக்கா, அக்கா, கீழ அட்டை, பத்திக்கும்" என்று கையைப் பிடித்துத் தடுத்தாள். நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துக்கொண்டே இருந்தேன். அப்போது பார்வையிட வந்தார், வெளியூர்க் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிற ஒருவர். தலைமையாசிரியை கூடவே வந்தார். அவர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். கல்லை எடுத்தார். திருப்பினார். நகத்தால் ஓர் இடத்தைச் சுரண்டிவிட்டு, அன்பாகத்தான் கேட்டார், "பாப்பா, இது எங்க கிடைச்சுது? இதுல கரித்துண்டு ஒட்டிக்கிட்டு இருக்குதே."

அந்தக் கரித்துண்டை அப்போதுதான் பார்த்தேன். ஓர் ஓட்டைக்குள், சுண்டுவிரல் நகமளவு. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சுற்றி இத்தனை பேர் நிற்கிறார்கள். வாய் திறந்தது. "சபீராதான் கொண்டு வந்தா சார். அவங்க வீட்ல உலை இருக்குது" என்றேன்.

இரண்டாவது வாக்கியம் உண்மை. அதனால்தான் முதல் வாக்கியத்தை எல்லோரும் நம்பினார்கள். தலைமையாசிரியையின் முகம் மாறியது. "சாமி மலைன்னு சொல்லி உலைக் குப்பையைக் கொண்டாந்து வெச்சிருக்கியா? இத்தனை பேரு கும்பிட்டுட்டுப் போறாங்க!" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "அவங்களுக்கு நம்ம மலையைப் பத்தி இன்னா கவலை" என்றது. சபீரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குனிந்து சாம்பிராணி டப்பாவை வெளியே எடுத்து மூடினாள்.

மறுநாள் தலைமையாசிரியை வரச்சொல்லி உசேன் பாய் பள்ளிக்கு வந்தார், என்னையும் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கையைக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார், நகக்கண்ணில் மட்டும் கரி. மேசைமேல் இருந்த கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "ஆமாங்க டீச்சர், இது எங்க உலைதுதான். எம் பொண்ணுதான் எடுத்துட்டு வந்திருப்பா. தெரியாம செஞ்சுட்டா, மன்னிச்சுடுங்க" என்றார். தேர்த் திருவிழாவுக்கு முன்னால் கோயில் வேலைக்கு வேண்டிய ஆணியும் பட்டையும் அடித்துக் கொடுக்கிற மனிதர், அந்த மலையை அவமதித்ததற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார். வெளியே வரும்போது என்னிடம், "நல்லா படிம்மா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னார். குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

சபீரா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் "ஏன்டி அப்படிச் சொன்னே?" என்று மட்டும் கேட்டாள். நான் நோட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். "சரி, விடு. நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, கிட்டம்னு" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அதிலிருந்து என்னை "ஏய் எரிமலை" என்றுதான் கூப்பிடுவாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள்தான் சிரித்துவிட்டாளே, இனி எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்த உலைத் தெரு வழியாக நான் போகவில்லை. கடைவீதிக்குச் சுற்றிக்கொண்டு போனேன்.

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. எண்பது பிறந்துவிட்டது. பொங்கல் முடிந்த வாரம், மத்தியானம் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தோம். சபீரா சொன்னாள், "எங்க பெரியத்தா பெங்களூர்ல ஒர்க்ஷாப் வெச்சிருக்காரு இல்ல, அங்க வரச் சொல்லிட்டாரு. இந்த மாசக் கடைசில கிளம்பறோம்."

"பரீட்சை?"

"அதான். சின்னம்மா இங்கதானே இருக்காங்க. அவங்க வீட்ல தங்கிப் பத்தாவது முடிச்சுட்டு வரேன்னு சொன்னேன். அத்தா ஒத்துக்கல. பொம்பளப் புள்ளையைத் தனியா விடமாட்டேங்கறாரு." டப்பாவைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "உங்கப்பா வந்து ஒரு வார்த்தை சொன்னா கேட்பாரு. கண்டக்டர்னா எங்க அத்தாவுக்கு ரொம்ப மரியாதை. 'எம் பொண்ணுகூடத்தானே படிக்குது, நாங்க பார்த்துக்கறோம்'னு சொல்லச் சொல்லேன்."

பவி, எனக்கு வேண்டியதும் அதுதான். அவள் இருக்க வேண்டும். அவள் இல்லாத வகுப்பை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனால் அப்பா உலைக்குப் போனால் உசேன் பாய் பேசுவார். பேச்சு வாக்கில் கண்காட்சிக் கதை வரும். யார் சொன்ன பொய் என்று அப்பாவுக்குத் தெரியும். ஒரு நொடியில் இத்தனையும் மனசில் ஓடியது. "அப்பாவுக்கு டூட்டி மாறிக்கிட்டே இருக்குது. நீ போறதும் இருக்கறதும் உன் இஷ்டம்டி" என்றேன்.

அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "நீ என்னை இருன்னு சொல்லுவேன்னு நினைச்சேன்" என்றாள். அன்றைக்கு எரிமலை என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

அவர்கள் கிளம்பிப் போய் ஒரு வாரம் கழித்து அப்பா எங்கேயோ கேள்விப்பட்டு வந்தார். "உன் சிநேகிதி படிப்பை விட்டுட்டுப் போச்சாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் போய்ச் சொன்னா பாய் தட்டமாட்டாரே" என்றார். நான் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். படிக்கிற பெண்ணுக்கு அது ஒரு வசதி. அழுதால் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. தேடாமல் இல்லை. அந்தச் சின்னம்மா வீடும் சீக்கிரமே காலியாகிவிட்டது. எண்பதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், உன் அப்பாவின் உறவில் ஒரு விசேஷத்துக்குப் பெங்களூர் போனோம். புடவை பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு சிவாஜி நகர்ச் சந்துகளில் வெல்டிங் பட்டறை பட்டறையாக நடந்தேன். தீப்பொறி பறக்கிற ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தேன். "புடவைக்கடை இந்தப் பக்கமாம்மா இருக்கும்?" என்று பாவம், அவர் கேட்டுக்கொண்டே வந்தார். இன்றைக்கும் பெங்களூர் பஸ் வந்து நின்றால், இறங்குகிறவர்களில் என் வயதுப் பெண்ணைப் பார்த்தால், ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன். அவள் எந்த முகத்தோடு இருப்பாள் என்றுகூட எனக்குத் தெரியாது. என் மனசில் அவள் முகம் பதினைந்து வயதிலேயே நின்றுவிட்டது.

நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் ஓடிவந்து, "அம்மா, நம்ம மலை எரிமலையாமே, என் ஃபிரண்டு சொன்னா" என்றாய். நான் உன் முதுகில் ஓர் அடி வைத்தேன். நினைவிருக்கிறதா? "தெரியாம எதையும் பேசாதே" என்று கத்தினேன். நீ அழுது முடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அப்ப எரிமலை எங்க இருந்துதான் வருது?" என்று கேட்டாய். பதிலை நீயே தேடிக்கொண்டு போனாய். நம் மலை எந்தக் காலத்திலும் எரிமலை இல்லை, பூமிக்கடியில் வெகு ஆழத்தில் வெந்து இறுகி, மேலே இருந்ததெல்லாம் தேய்ந்துபோன பின் வெளியே தெரிகிற கல் என்று பத்து வருஷம் கழித்து நீ எனக்குச் சொன்னாய். அந்த அடிக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நீ செய்த தப்புக்கு விழுந்த அடியல்ல அது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ சொன்ன முறையை என்மேல் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேண்டியதை வாய் திறந்து சொல்லாமல், அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு நகர்கிற இந்தக் குணம் எங்கிருந்து வந்தது? உன் அப்பா போன பிறகு வந்தது, தனியாக இருப்பதால் வந்தது, ஆபீசில் இருபத்தைந்து வருஷம் மேலதிகாரிகளுக்குத் தலையாட்டியதில் ஒட்டியது என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். எல்லாம் வருகிற வழியில் சேர்ந்ததாம். ஆனால் அதிகம் மாறாத கல்லைத்தானே பார்க்கச் சொன்னாய்? பார்த்தேன். பதினாலு வயதில், எந்த இழப்பும் தெரியாத வயதில், கரித்துண்டைப் பார்த்த அந்த நொடியிலேயே அது முழுசாக இருக்கிறது. ஆகவே என் தனிமைமேல் பழி போட முடியாது. உன்மேலும் போட முடியாது. நீ போவதால் எனக்குள் புதிதாக எதுவும் வந்துவிடப் போவதில்லை, நீ இருப்பதால் அது போய்விடப் போவதும் இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது, கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு நீயும் "எனக்குப் போகணும்மா" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "போகட்டுமா வேணாமா" என்றாய். உன் ஆசையை என் வாயிலிருந்து வரவழைக்கப் பார்த்தாய். நான் வேண்டாம் என்றால் பிற்காலத்தில் என்மேல் வருத்தப்படலாம், போ என்றால் என்னை விட்டுப்போன பாரம் பாதி குறையும். இது உனக்கு வழியில் ஒட்டியதில்லை. என்னிடமிருந்தே வந்திருக்கிறது. அதனால்தான் அம்மாவாக ஒரே ஒரு புத்தி சொல்கிறேன். வேண்டுமென்பதை வேண்டும் என்று சொல்லிப் பழகு. கிடைக்காமல் போகலாம். ஆனால் வாய்விட்டுக் கேட்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழப்பது வேறு, நாற்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் நின்று இழப்பது வேறு.

நான் முதலில் சொல்கிறேன். எனக்கு நீ போக வேண்டாம் என்று இருக்கிறது. நீ பக்கத்து ஊர்க் கல்லூரியில் வேலை செய்து, சனிக்கிழமை சாயங்காலம் பையும் அழுக்குத் துணியுமாக வந்து இறங்க வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு உடம்பு முடியாமல் போகிற அன்றைக்கு உன் கை என் நெற்றியில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அங்கே பனி கொட்டுமாம், உனக்குக் குளிர் ஆகாது, யார் கஷாயம் வைத்துத் தருவார்கள் என்று இருக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரே ஒரு தட்டு எடுக்கும்போது கை நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது. இவ்வளவும் நிஜம். எதையும் குறைத்து எழுதவில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நீ போ. என் இஷ்டத்தைக் கேட்டாய், சொல்லிவிட்டேன். அது என்னுடையது, நான் வைத்துக்கொள்கிறேன். உன்னுடையது அந்தக் கல்லில் இருக்கிறது. அந்தக் கடல் எங்கே போயிற்று என்று நீ பேசும்போது உன் முகத்தைப் பார்த்தவள் நான். அந்த முகத்தை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்து எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தால், நாலே வருஷத்தில் நான் உன்னை வீட்டுக்குள்ளேயே தேட வேண்டி வரும்.

வெள்ளிக்கிழமை அவர்களுக்குச் சம்மதம் என்று எழுதி அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய். "நான் போறேன்மா, எனக்குப் போகணும்" என்று உன் வாயால் சொல். நான் அழுவேன். சமாதானப்படுத்தாதே, மனசை மாற்றிக்கொள்ளாதே, பயந்து போனையும் வைத்துவிடாதே. அழுது முடிக்கிறவரை லைனில் இரு. முடித்ததும், அந்த ஊரில் அரிசி கிடைக்குமா என்று கேட்கிறேன்.

அம்மா